நிலமெடுப்புக்கு வெற்றிலை பாக்கு

அத்தைக்கு யாரோ ஏவல் வைத்துவிட்டார்கள் என்றுதான் நான் முதலில் நம்பினேன். கடையில் சாமியார் கதை எடுத்தாலே சிரிக்கிறவன் நான், ஆனாலும் நம்பினேன். என்னைப் பணக்காரனாக விடக் கூடாது என்று எவனோ எலுமிச்சம்பழம் மந்திரித்து அத்தை வீட்டுக் கிணற்றில் போட்டிருப்பான் என்று நினைத்து, ஒருநாள் கிணற்றை எட்டிக்கூடப் பார்த்தேன். உள்ளே ஒரு தவளை இருந்தது. அது என்னைப் பார்த்த பார்வையே சந்தேகத்துக்கு இடமாக இருந்தது.

"உங்கள ஏழையாக்கறதுக்கு ஒருத்தன் தனியா செலவு பண்ணுவானாங்க? அந்த வேலைதான் எப்பவோ முடிஞ்சிருச்சே" என்றாள் என் மனைவி.

விஷயம் இதுதான். முசரவாக்கத்தைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் குடும்பத்து நிலம். நெல், வேர்க்கடலை, ஒரு கிணறு, கிணற்றை ஒட்டி அத்தையின் வீடு. அந்த வழியாகப் பெரிய சாலை வரப்போகிறது என்று சர்வே கல் நட்டுவிட்டுப் போனார்கள். நிலத்தை எடுத்துக்கொண்டு நஷ்டஈடு தருவார்களாம். ஆனால் பட்டா எங்கள் கொள்ளுத் தாத்தா பெயரில் இருந்தது. மனிதர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகியும் பட்டாவில் மட்டும் விடாப்பிடியாக உயிரோடு இருந்தார். அதனால் அவருடைய வாரிசுகள் எல்லோரும் விசாரணை நாளன்று வந்து, பங்குக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒத்துவராவிட்டால் பணம் நீதிமன்றத்தில் வைப்பாகப் போய்விடும். அங்கே போன பணத்தை வாங்க நமக்கே வாரிசுகள் தேவைப்படுவார்கள்.

எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த நிலம் காகிதத்தில் இருக்கும் பெயர். அத்தைக்கு அது இருப்பிடம். என் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை அவள். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் சீக்கிரம் செத்துப்போக, திரும்பி வந்து, அந்த நிலத்தில் கிணறு வெட்டி, வீடு கட்டி, ஒரு மாட்டோடு இருந்தாள். பிள்ளை குட்டி இல்லை. பணம் கைக்கு வராமல் நிலம் மட்டும் போனால், தெருவில் நிற்கப்போவது அவளும் அந்த மாடும்தான். இது எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அப்படியெல்லாம் செய்தாள்.

நான் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவன். மெத்தையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் முன்னால் சேலைகளை வீசி வீசி விரித்து, அவர்கள் "யோசிச்சுட்டு வரோம்" என்று எழுந்து போனதும் மறுபடி மடிப்பது என் தொழில். கல் நட்ட செய்தி வந்த வாரம் நான் மடிப்பதை நிறுத்திவிட்டேன். வாரிசுகள் என்று எனக்குத் தெரிந்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடக்கம். அந்தக் கணக்கில் எனக்கு ஒரு மாடி வீடு வரும். மாடி வீட்டுக்காரன் எதற்குச் சேலை மடிக்க வேண்டும்? முதலாளி ஏற இறங்கப் பார்த்தார். நானும் ஏற இறங்கப் பார்த்தேன்.

அப்போதுதான் அத்தை ஷேர் ஆட்டோவில் வர ஆரம்பித்தாள். வரும்போதெல்லாம் ஒரு பை வேர்க்கடலையும் ஒரு புது வாரிசும் கொண்டுவருவாள்.

"கண்ணு, வாலாஜாவுல ஒரு பொண்ணு இருக்குதுபா. பெரிய தாத்தாவோட பொண்ணு வயித்துப் பேத்தி. சுத்தமா மறந்தே போயிட்டோம் பாரு."

"மறந்தது மறந்ததாவே இருக்கட்டும் அத்தை."

"அது எப்படிப்பா? மறந்தது நாம. அவ பொறந்தது பொறந்ததுதானே."

ஒவ்வொரு வேர்க்கடலைப் பைக்கும் என் வீட்டில் ஒரு மாடி இடிந்தது. வாலாஜா வந்ததும் மாடி போனது. ஆரணியில் இரண்டு சகோதரிகள் கிடைத்ததும் தரைத்தளமும் போய்க் கார் மட்டும் நின்றது. உத்திரமேரூர்க் கிளை கிடைத்த அன்று கார் ஸ்கூட்டரானது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். வாயுத் தொல்லை, வேர்க்கடலையைக் குறையுங்கள் என்றார் அவர். என் நோய்க்கு இவ்வளவு சரியாகக் காரணம் சொன்ன டாக்டரை நான் பார்த்ததில்லை.

யாரையும் விட்டுவிடக் கூடாது என்பது அத்தையின் கொள்கை என்றெல்லாம் சொல்ல முடியாது. அது அவளுடைய உடம்பு வாகு. கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுத்தால் தன் பெயரைச் சொல்லமாட்டாள். குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயரும் நட்சத்திரமும் வரும். பின்னால் வரிசை பிராகாரம் வரைக்கும் வளையும். "அம்பாளுக்கு எல்லாரையும் தெரியும்மா" என்பார் குருக்கள். "தெரியும் சாமி. நாம சொன்னோமான்னு ஒண்ணு இருக்குதில்ல?" என்பாள். கடைசியில் மாட்டின் பெயர் வரும். அதற்கு நட்சத்திரம் தெரியாது என்பதில் அவளுக்கு நிஜமான வருத்தம் உண்டு.

ஒருமுறை ஐயம்பேட்டை போகும் ஷேர் ஆட்டோவில் நானும் அவளும் இருந்தோம். வண்டி கிளம்பியதும் நிறுத்தச் சொன்னாள். எதிர் சீட்டில் இருந்த ஆள் டீ குடிக்க இறங்கினாராம், இன்னும் வரவில்லையாம்.

"யாரு அத்தை அவரு?"

"யாருக்குத் தெரியும்? நம்ம வண்டியில வந்துக்கினு இருந்தாரு."

அந்த ஆள் அங்கேயே இறங்கவேண்டியவர். அவரைத் தேடிப் பிடித்து மறுபடி ஏற்றி, ஐயம்பேட்டை வரை கூட்டிப்போய்விட்டோம். கூச்ச சுபாவக்காரர் போலிருக்கிறது, ஒன்றும் சொல்லவில்லை.

என் மகளின் காதுகுத்துப் படம் இன்னும் வீட்டில் மாட்டியிருக்கிறது. குடும்பப் படம் எடுக்கலாம் என்றதும் அத்தை சமையல்காரரைக் கூப்பிட்டாள், வேன் டிரைவரைக் கூப்பிட்டாள், செருப்பைத் தேடி உள்ளே வந்த யாரோ ஒருவரையும் பிடித்து நிறுத்தினாள். எல்லோரும் விழுந்திருக்கிறார்கள். என் மகள் மட்டும் செருப்புக்காரருக்குப் பின்னால் மறைந்துவிட்டாள்.

வாரிசுக் கூட்டம் பெருகுவதைப் பார்த்து ஆண் பங்காளிகள் நாங்கள் பிள்ளையார்பாளையத்தில் என் வீட்டில் கூடினோம். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது ரகசியம் பேச வசதியாக இருந்தது. நிலம் கைமாறும்போது, கட்டிக்கொடுத்த பெண்களுக்கு ஆளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்து, பங்கு வேண்டாம் என்று கையெழுத்து வாங்கிக்கொள்வது எங்கள் பக்கத்தில் பலரும் செய்வதுதான். சேலைக்கு நான் பொறுப்பு. எங்கள் கடையில் மஞ்சளிலும் சேராத, பழுப்பிலும் சேராத ஒரு நிறத்தில் ஒரு கட்டுச் சேலை விற்காமலே தங்கிக் கிடந்தது. அதை அள்ளிக்கொண்டு போனதில் முதலாளி என்மேல் இருந்த கோபத்தையே மறந்தார்.

யார் கொண்டுபோய்க் கொடுப்பது? எல்லோர் வீட்டு வாசலும் தெரிந்த ஒரே ஆள் அத்தைதான். சேலைகளையும், கையெழுத்து வாங்க வேண்டிய காகிதங்களையும் அவளிடமே கொடுத்தோம். இதை யோசித்தது நான்தான் என்று அன்றைக்குப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன்.

ஊர் ஊராகப் போய்விட்டு அத்தை முகமெல்லாம் பூரிப்பாக வந்தாள். போன வீட்டிலெல்லாம் விபூதி வாங்கி நெற்றி முழுக்க வெள்ளை.

"எல்லாரும் சேலைய வாங்கிக்கினாங்களா?"

"வாங்கிக்கினாங்கபா. அழுதுட்டாளுங்க. பொறந்த வூட்டுலேர்ந்து ஒரு துணி வந்து எவ்ளோ வருஷமாச்சுன்னு."

"கையெழுத்து?"

"அத அன்னிக்கு ஆபீசுல வந்து போடுவாங்க. பூவும் பழமும் குடுத்து, வெத்தல பாக்கு வெச்சு, எல்லாரையும் வெசாரணைக்கு மொறையா கூப்டுட்டு வந்திருக்கேன். இதே சேலையக் கட்டிக்கினு வரச் சொல்லியிருக்கேன். அப்பதான கூட்டத்துல நம்மாளுங்க யாருன்னு தெரியும்."

"அத்தை, நான் குடுத்த பேப்பருங்க?"

"நல்ல மொத்தமான பேப்பருபா. அதுலதான் வெத்தல பாக்க மடிச்சுக் குடுத்தேன்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "உன் பங்கும்தான கொறையுது" என்று ஈன சுரத்தில் கேட்டேன்.

"கொறையட்டும். கூப்புடாம வுட்டா அப்புறம் அவங்க மூஞ்சில எப்படிப்பா முழிக்கறது?" என்றாள். உடனே, "காபில சர்க்கரையே இல்ல, கொஞ்சம் போடும்மா" என்று என் மனைவி பக்கம் திரும்பிவிட்டாள்.

இப்படி எல்லோரையும் சேர்த்த பிறகு ஒரே ஒருவர் மிச்சம். ஐயம்பேட்டையில் இருக்கும் அண்ணன். எனக்குப் பெரியப்பா மகன் முறை. அவர் கையெழுத்துப் போடமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். காரணம் என் கல்யாணம். எங்கள் அப்பா அவருக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டாராம். நேரில் போய்த் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லையாம். அன்றிலிருந்து எங்கள் வாசலை மிதித்ததில்லை. நான் போய்க் கெஞ்சினேன்.

"உன் கல்யாணத்துக்குத் தபால்ல பத்திரிக வந்திச்சில்ல? என் கையெழுத்தும் தபால்ல வரும். போய் வூட்டு வாசல்ல காத்துக்கினு இரு" என்றார்.

அன்றிரவு எனக்குக் காய்ச்சல். காலையில் அத்தை வந்து சொன்னாள்: "கல்யாணத்துக்குக் கூப்புடல, அவ்ளோதானே? இப்பக் கூப்டுடலாம் வா."

"எந்தக் கல்யாணத்துக்கு?"

"உன் கல்யாணத்துக்குத்தான்பா."

என் மகள் கல்லூரியில் படிக்கிறாள் என்று நினைவுபடுத்தினேன். அது ஒரு தடையாக அத்தைக்குத் தோன்றவில்லை. டிரங்குப் பெட்டியிலிருந்து மிச்சமிருந்த பழைய பத்திரிகை ஒன்றைத் தேடியெடுத்தாள். மூலைகளில் புதிதாக மஞ்சள் தடவினாள். தட்டில் பழம், பூ, வெற்றிலை பாக்கு. நானும் என் மனைவியும் பின்னால் போனோம். அண்ணன் பத்திரிகையை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

"இதுல போட்டிருக்கற தேதி போயிடுச்சே" என்றார்.

"நீ வர்ற அன்னிக்குதான் முகூர்த்தம்" என்றாள் அத்தை.

அவர் நாள்காட்டியைப் பார்த்து, வருகிற ஞாயிறு தனக்குத் தோதுப்படும் என்றார்.

ஆக அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மறுபடியும் மாப்பிள்ளை. பழைய பட்டு வேட்டி இடுப்பைச் சுற்றி வரவில்லை. வயிற்றை உள்ளே இழுத்தால் மூச்சு வரவில்லை. "ஒரு தடவ உங்களுக்குக் கட்டிக் குடுக்கறதுக்கே எங்கம்மா ரொம்ப யோசிச்சாங்க" என்றாள் மணப்பெண். என் மகள் இதைப் படம் பிடித்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தாள். அண்ணன் குடும்பத்தோடு வந்தார். முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். மாலை மாற்றும்போது அட்சதை போட்டார். பந்தியில் பாயசத்தில் முந்திரி போதாது என்று குறை சொன்னார். சம்பந்தி வீட்டார் யாரும் வரவில்லையா என்று கேட்டார். ஒரு கல்யாணத்தில் செய்ய வேண்டியது எதையும் அவர் பாக்கி வைக்கவில்லை.

போகும்போது வேனிலிருந்து ஒரு எவர்சில்வர் குடத்தை இறக்கினார். மேலே தாள்கூடப் பிரிக்கப்படவில்லை. கழுத்தைச் சுற்றி அவர் பெயரும், என் பெயரும், எங்கள் கல்யாணத் தேதியும் வெட்டியிருந்தது. நிஜமான, பழைய தேதி.

"அப்பவே வாங்கிப் பேரு வெட்டி வெச்சது. நீங்க வந்து கூப்புடுவீங்கன்னு இருந்தேன். தபால்காரன் வந்தான்" என்றார்.

நான் குடத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவர் அத்தையைப் பார்த்து, "விசாரணைக்கு எத்தன மணிக்கு வரணும் அத்தை?" என்று கேட்டார்.

விசாரணை நாளன்று நிலமெடுப்பு அலுவலகத்தின் முன்னால் வேன்கள் வந்து நின்றன. அந்த ஒரே நிறத்துச் சேலையில் பெண்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். தலையில் மல்லிகைப்பூ. கையில் பழத்தட்டு. முறையாக அழைத்திருக்கும்போது வெறுங்கையோடு எப்படி வருவது? வாசலில் இருந்த பியூன், மகளிர் குழுக் கடன் அலுவலகம் அடுத்த தெருவில் என்று வழி சொன்னார். உள்ளே இருந்த தாசில்தார் சின்ன வயதுப் பெண். மேசைமேல் ஆப்பிளும் சாத்துக்குடியும் குவிவதைப் பார்த்து, "இதெல்லாம் நான் வாங்கக் கூடாதும்மா" என்று பதறினார்.

"உங்களுக்கு இல்லம்மா, விசேஷத்துக்கு" என்றாள் ஒரு பெண்.

"என்ன விசேஷம்?"

யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

தாசில்தார் வாரிசுகளைக் கேட்டார். அத்தை எழுந்து நின்று கோயிலில் சொல்வதுபோலச் சொல்ல ஆரம்பித்தாள். எழுத்தர் நட்சத்திரங்களையும் சேர்த்து எழுதிவிட்டு அடித்தார். ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டு, கைநாட்டு வைத்து, மதியம் தாண்டியது. சம்பிரதாயத்துக்குக் கேட்பதுபோலத் தாசில்தார், "வேற யாரும் விட்டுப்போகலயே?" என்று கேட்டார்.

அதை அவர் கேட்டிருக்கக் கூடாது.

அத்தை யோசித்தாள். "நெல்லூருல ஒருத்தி இருக்கா. வந்துக்கினு இருக்கா" என்றாள்.

பங்காளிகள் கொதித்தார்கள். நெல்லூரில் ஒருத்தி இருப்பதே எங்களில் யாருக்கும் தெரியாது. எப்போதோ தெலுங்குக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்த ஒரு பாட்டியின் மகளாம். தாசில்தார் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்கு சாயங்காலத்தோட இந்த விசாரணைய முடிக்கணும்மா. முடியலன்னா பணம் கோர்ட்டுக்குப் போயிடும். எனக்கு வேற வழி இல்ல."

"அவள வுட்டுட்டு முடிச்சிடுங்கம்மா" என்றேன் நான். குரல் கீச்சென்று வந்தது. அந்த நேரத்தில் என் கணக்கில் ஸ்கூட்டரும் போய் ஒரு மிக்சிதான் மிச்சமிருந்தது. அதற்கும் இப்போது நெல்லூரில் ஒரு பங்கு.

"அவ வராம நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றாள் அத்தை.

எல்லோரும் போட்டுவிட்டார்கள், அவள் ஒருத்திதான் பாக்கி. அவள் போடாவிட்டால் தெருவுக்கு வரப்போகிறவளும் அவள்தான்.

"அத்தை, உன் வீட்டுக்குத்தான் அத்தை இந்தப் பாடு" என்றேன்.

"தெரியும்பா. கூப்ட்டுட்டேன். கெளம்பிட்டா. பாதி வழியில வந்துக்கினு இருக்கறவள இல்லன்னு எப்படி எழுதறது?"

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நாங்களும் உட்கார்ந்தோம். பழத்தட்டுகளிலிருந்து சாத்துக்குடியை உரித்து எல்லோருக்கும் சுளை சுளையாகக் கொடுத்தாள், எழுத்தருக்கும் பியூனுக்கும்கூட. நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். எந்த ஆட்டோ நின்றாலும் ஓடிப்போய், "நெல்லூரா? நெல்லூரா?" என்று கேட்டேன். ஒரு கிழவர் என்னைப் பேருந்து நடத்துனர் என்று நினைத்து, வேலூர் வண்டி எப்போது என்று விசாரித்தார்.

பியூன் ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்த நேரத்தில் ஒரு அம்மாள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினாள். அதே நிறச் சேலை. தமிழ் ஒரு வார்த்தை தெரியவில்லை. "ஆலஸ்யம் அயிந்தி, ஆலஸ்யம் அயிந்தி" என்று, நேரமாகிவிட்டதைத் தெலுங்கில் சொல்லிச் சொல்லி அத்தையைக் கட்டிக்கொண்டாள். அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் அத்தை கையெழுத்துப் போடவிட்டாள். கடைசியாகத் தானும் போட்டாள்.

வீட்டுக்கும் கிணற்றுக்கும் தனியாக மதிப்புப் போட்டிருந்தார்கள். "இது யார் பேருக்கு?" என்று கேட்டார் தாசில்தார். கொள்ளுத் தாத்தாவின் நிலத்தில் இருப்பதால் அதிலும் எங்கள் எல்லோருக்கும் பங்கு கேட்க வழி இருந்தது. நான் வாயைத் திறக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, வாலாஜாக்காரி, ஆரணிச் சகோதரிகள், ஐயம்பேட்டை அண்ணன் எல்லோரும் சேர்ந்தாற்போல அத்தை பக்கம் கையைக் காட்டினார்கள். நெல்லூர் அம்மாளுக்குக் கேள்வியே புரியவில்லை. மற்றவர்களைப் பார்த்து அவளும் காட்டினாள். நானும் காட்டினேன்.

எங்களுக்குப் பக்கத்து வயல்காரர்கள் அண்ணன் தம்பிகள் பெயரை மட்டும் கொடுத்திருந்தார்கள். கட்டிக்கொடுத்த தங்கைகள் ஆட்சேபணை மனு போட்டார்கள்; அந்தப் பணம் நீதிமன்றத்துக்குப் போனது, இன்னும் அங்கேதான் இருக்கிறது. எங்கள் பணத்துக்கு ஆட்சேபணை சொல்ல வெளியில் யாரும் மிச்சமில்லை. அது ஐப்பசியில் வந்தது. வீட்டுக்கும் கிணற்றுக்கும் வந்ததையும் தன் பங்கையும் சேர்த்து அத்தை முசரவாக்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு வாங்கி, மண் அள்ளும் எந்திரங்கள் வருவதற்கு முன்பே மாட்டோடு குடிபோனாள். சில வருடங்கள் அங்கே இருந்தாள். போன தை மாதம் அந்த வீட்டிலேயே இறந்தாள்.